பழைய மசில் கார் வாங்கி ஓட்டுவது எப்படி இருக்கும்? 1968 ஜி.டி.ஓ. வைத்திருப்பவனின் பதில்

கேள்வி: 1960-களின் அமெரிக்க மசில் கார், அதாவது நடுத்தர அளவு உடம்பில் பெரிய இன்ஜின் வைத்த கார் ஒன்றை வாங்கி ஓட்ட ஆசை. பராமரிக்க முடியுமா, என்ன செலவாகும், தினமும் ஓட்டலாமா?

பராமரிக்க முடியும். ஒரே நிபந்தனை, அதை ஓட்ட வேண்டும். பனிக்காலம் தவிர, வாரம் ஒரு முறையாவது, இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்து அரை மணி நேரம் அந்தச் சூட்டிலேயே இருக்கும் அளவுக்கு ஓட்ட வேண்டும். நான் டெட்ராய்ட்டுக்கு வடக்கே இருக்கிறேன், 2016-ல் ஒரு 1968 பான்டியாக் ஜி.டி.ஓ. வாங்கினேன். இதுவரை நான் செய்த பெரிய செலவுகள் கிட்டத்தட்ட எல்லாமே, காருக்கு வயதானதாலும், முன்பு வைத்திருந்தவர் அதைப் பதினோரு வருடம் ஷெட்டில் போர்வை போட்டு மூடி வைத்திருந்ததாலும் வந்தவை. ஓட்டியதால் வந்த செலவு பெட்ரோல், ஆயில், டயர், அவ்வளவுதான்.

இந்தக் கார் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால்தான் அதன் பலவீனம் எங்கே என்று புரியும், அதனால் அதை முதலில் சொல்கிறேன். அப்போது ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது. 1964-ல் அந்தக் கம்பெனியின் ஒரு பிரிவான பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் பெரிய காருக்கான 389 கன அங்குல வி-8 இன்ஜினை டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற சாதாரணக் குடும்பக் காருக்குள் வைத்தார்கள். தனி மாடல் என்று சொன்னால் தடை வரும், அதனால் 'ஆப்ஷன்' என்று எழுதி விற்றார்கள். 5,000 விற்றால் போதும் என்று நினைத்தது 32,000-க்கு மேல் விற்றது. அதைப் பார்த்துத்தான் மற்ற கம்பெனிகளும் வரிசையாக இறங்கின. இங்கே ஜி.டி.ஓ.வுக்குச் செல்லப் பெயர் 'கோட்', அதாவது ஆடு.

சரி, இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்றால், மாறியது முக்கியமாக இன்ஜின்தான். பிரேக் அதே குடும்பக் காரின் பிரேக். என் கார் வந்தபோது 400 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.6 லிட்டர் இன்ஜின், அந்தக் காலக் கணக்கில் 350 குதிரைத்திறன், ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. அதை நிறுத்த நான்கு சக்கரத்திலும் 9.5 அங்குல டிரம் பிரேக். வாங்கிய முதல் ஆகஸ்டில் டெட்ராய்ட்டிலிருந்து வடக்கே போகும் உட்வர்ட் அவென்யூ சாலையில் மாலை நெரிசலில் அடுத்தடுத்து மூன்று முறை அழுத்திப் பிடிக்க வேண்டி வந்தது. மூன்றாவது தடவை பெடல் கல் மாதிரி இருந்தது, வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டே போய் முன்னால் நின்ற வேனுக்கு இரண்டடி தள்ளி நின்றது. பின் சீட்டில் என் மகள் இருந்தாள். அடுத்த வாரமே முன்பக்கம் டிஸ்க் பிரேக் மாற்றினேன். பழைய டிரம்களைத் துடைத்துப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன், அடுத்து வாங்குபவர் விரும்பினால் மாட்டிக்கொள்ளலாம். ஒரு போல்ட் கூட மாற்றக் கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் சாலையில் ஓட்டப் போகிற காருக்கு பிரேக், டயர், பெட்ரோல் ஹோஸ் இந்த மூன்றிலும் பழமை பார்க்காதீர்கள்.

இப்போது வயதும் மூடி வைத்ததும் சேர்ந்து செய்த வேலை. வாங்கிய இரண்டாவது வருடம், இன்ஜின் சூடான பிறகு சிக்னலில் நிற்கும்போது ஆயில் பிரஷர் இறங்க ஆரம்பித்தது. பம்ப் தேய்ந்திருக்கும் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்லிப் புதுப் பம்ப் போட்டுப் பணமும் வாங்கிக்கொண்டார்கள், இரண்டே மாதத்தில் மறுபடி அதே கதை. வேறொருவரிடம் கொண்டு போனேன், அவர் ஆயில் பேனை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பம்பின் வடிகட்டி வலையில் பழுப்பு நிறத்தில் நகத்துண்டு மாதிரி துணுக்குகள். அந்தக் காலத்து பான்டியாக் இன்ஜினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டை ஓட்டும் பல்சக்கரத்தின் பற்களுக்கு மேல் நைலான் பூச்சு கொடுத்திருப்பார்கள், சத்தம் வராமல் இருக்க. ஐம்பது வருடச் சூடும் குளிரும் பட்டு அது நொறுங்கி ஆயிலுக்குள் விழுகிறது, விழுந்தது வலையை அடைக்கிறது. முதல் ஒர்க்‌ஷாப்பில் பம்பை மாற்றினார்களே தவிர, துணுக்கு எங்கிருந்து வருகிறது என்று யாரும் தேடவில்லை. இரும்புப் பல்சக்கரமும் இரட்டை ரோலர் செயினும் போட்டதும் தீர்ந்தது. இந்த இன்ஜினில் ஆயில் பேனைக் கழற்ற இன்ஜினையே கொஞ்சம் தூக்க வேண்டும், அதனால் கூலியே பெரிய தொகை. எனக்கு எல்லாம் சேர்த்து 1,900 டாலர் ஆனது. நீங்கள் வாங்கப் போகும் பழைய பான்டியாக்கில் இந்தச் செயின் மாற்றப்பட்டதற்கு ரசீது இல்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

பெட்ரோல் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 10.75-க்கு 1. ஈயம் கலந்த உயர்ரக பெட்ரோல் எந்த பங்கிலும் கிடைத்த காலத்துக்காகச் செய்தது. இப்போது 93 ஆக்டேனுக்கு (பெட்ரோல் அழுத்தத்தைத் தாங்கும் அளவைக் காட்டும் எண்) குறைந்து போட்டால் ஏற்றத்தில் இன்ஜினுக்குள் கிணிகிணி என்று கோலிக்குண்டை உலுக்குவது போல் சத்தம் வரும், அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினால் பிஸ்டன் போய்விடும். ஈயம் வால்வ் சீட்டையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வார இறுதி ஓட்டத்துக்கு அதற்காகப் பயப்பட வேண்டாம், என்றைக்காவது ஹெட்டைக் கழற்றினால் அப்போது கடினமான சீட் போட்டுக்கொள்ளலாம். உண்மையான தொல்லை 10 சதவீத எத்தனால்தான். பழைய ரப்பர் ஹோஸ், பம்பின் டயாஃப்ரம் எல்லாவற்றையும் அது அரிக்கிறது. ஒரு நாள் காலை கராஜைத் திறந்ததும் பெட்ரோல் வாடை, பார்த்தால் டேங்குக்கு அருகில் ஹோஸ் வெடித்துச் சொட்டிக்கொண்டிருக்கிறது. அன்றே எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினேன், நூறு டாலருக்குள் முடிந்த வேலை. எத்தனால் கலக்காத பெட்ரோலும் சில பங்குகளில் கிடைக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் 90 ஆக்டேன், இந்த இன்ஜினுக்குப் போதாது.

ஆயிலிலும் கவனம் வேண்டும். இந்த இன்ஜினில் கேமும் டாப்பெட்டும் ஒன்றோடொன்று உரசி நகரும் வகை, அந்த இடத்தைக் காப்பது ஆயிலில் இருக்கும் துத்தநாகக் கலவை. புதுக் கார்களுக்கான ஆயிலில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்காக அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய இன்ஜினுக்கென்று விற்கும் ஆயிலையே ஊற்றுங்கள், ஓட்டியது 500 மைல் என்றாலும் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

அப்புறம் பாயிண்ட், அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்துத் தீப்பொறி வரவைக்கும் சின்னத் தொடுமுனை. சேலத்தில் அப்பா அம்பாசிடர் வைத்திருந்தார், ஞாயிற்றுக்கிழமை காலையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடைவெளி பார்த்து மூடுவார், நான் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் வைத்துக்கொண்டு நிற்பேன். 2018 கோடையில் அவர் இங்கே வந்தபோது ஜி.டி.ஓ.வில் உட்கார்த்தி வைத்து ஒரு சுற்று போனேன். அரை மைல் போனதும், "வண்டி இழுவையில திணறுதே, பாயிண்ட் பார்த்தியாப்பா?" என்றார். பார்க்கவில்லை. கராஜுக்கு வந்து மூடியைக் கழற்றினால் பாயிண்டின் முகம் கறுத்துக் குழி விழுந்திருந்தது. எட்டு சிலிண்டர் என்பதைத் தவிர அம்பாசிடரில் பார்த்த அதே வேலை. பாயிண்ட் எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்று காட்டும் டுவெல் மீட்டரில் 30 டிகிரி வைத்து, தீப்பொறி விழும் டைமிங்கை 9 டிகிரிக்குக் கொண்டு வந்ததும் அவர் சொன்ன திணறல் போய்விட்டது. எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் இந்த வேலையே இல்லை, நிறையப் பேர் போடுகிறார்கள், போடுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். நான் மட்டும் இன்னும் பாயிண்டிலேயே ஓட்டுகிறேன், எனக்கு அந்த வேலை பிடிக்கிறது.

ஓட்ட எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த இன்ஜினுக்கு ஆக்சிலேட்டரை ஒரு தடவை தரை வரை அழுத்தி விட வேண்டும், அப்போதுதான் சோக் விழும். இரண்டு வாரம் நின்றிருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும், பம்ப் மறுபடி நிரப்பும் வரை பத்து பதினைந்து வினாடி சுற்ற வேண்டும். பிடித்ததும் கார் முழுக்க ஒரு நடுக்கம், பானெட் மெதுவாக இடமும் வலமும் அசையும். என் காரில் ஆர்.பி.எம். காட்டும் மீட்டர் வெளியே பானெட்டின் மேல் இருக்கிறது, மழையில் உள்ளே ஆவி படிந்து எண் தெரியாது, ஆனாலும் அதைப் பார்த்து கியர் மாற்றுவது போன்ற சந்தோஷம் வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. நான்காவது கியரில் 30 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது கியரைத் தொடாமல் காலை அழுத்தினால் போதும், முதலில் ஒரு கனமான இழுப்பு, பிறகு கார்புரேட்டரின் பின் இரண்டு வாயும் திறந்து காற்றை உறிஞ்சும் ஆழமான ஊளை. இன்றைய மின்சாரக் கார் இதைவிட வேகமாகப் போகும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இதில் இன்ஜின் என்ன செய்கிறது என்பது காதிலும் காலடியிலும் முதுகிலும் தெரிகிறது.

நெடுஞ்சாலையில் அந்தச் சுகம் குறைவு. ஓவர்டிரைவ், அதாவது வேகத்தில் இன்ஜினை மெதுவாகச் சுற்றவிடும் கூடுதல் கியர், கிடையாது, 70 மைல் வேகத்தில் இன்ஜின் 3,000-க்கு மேல் சுற்றிக்கொண்டே இருக்கும், ஒரு மணி நேரத்தில் காது அடைத்துவிடும். ஸ்டியரிங்கில் நடுவில் கொஞ்சம் வெற்று அசைவு இருக்கும், அதற்கு கை பழக வேண்டும். ஏர்பேக் கிடையாது. முன் சீட்டில் தோள் பெல்ட்டைக் கூரையிலிருந்து தனியாக எடுத்து மாட்ட வேண்டும், பின் சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். இதனால்தான் மகளோடு போகும்போது ஊருக்குள் மட்டும் போகிறேன்.

வாங்கும் போது இன்ஜினைவிட உடம்பைப் பாருங்கள். இன்ஜினை எப்போதும் சரி செய்யலாம், துருவுக்குக் கொடுக்கும் பணம்தான் முடிவில்லாமல் போகும். பின் கண்ணாடியின் அடி ஓரத்தில் தண்ணீர் தேங்கி அங்கே துரு பிடிக்கும், அது ஒழுகி டிக்கியின் தரையை ஓட்டை போடும், அதனால் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் பேச்சைத் தொடங்காதீர்கள். பின் சக்கரத்துக்கு மேலும் பின்னும் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் உள்ளே தகடு இல்லை, பட்டிதான். ஜி.டி.ஓ. என்றால் 1966-லிருந்து 1971 வரையான வண்டிகளில் அடையாள எண் 242 என்று தொடங்க வேண்டும். 1968-ல் 237 என்றால் அது லெமான்ஸ், பேட்ஜ் மட்டும் ஜி.டி.ஓ. அதுவும் நல்ல கார்தான், ஆனால் அந்த விலைக்கு அல்ல. பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற இடத்தில் அடையாள எண்ணைக் கொடுத்தால் அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து என்னென்ன ஆப்ஷனோடு வந்தது என்ற பழைய பதிவின் நகல் கிடைக்கும். அதை வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

உதிரி பாகம் கிடைக்குமா என்ற பயம் வேண்டாம். பான்டியாக் பிராண்டு 2010-ல் மூடப்பட்டுவிட்டது, ஆனால் 1968-ல் மட்டும் 87,000-க்கு மேல் ஜி.டி.ஓ. விற்றிருக்கிறது, ஷெவர்லே ஷெவெல்லும் இதே அடித்தளத்தில் வந்ததுதான். கதவு ரப்பரிலிருந்து தரைத் தகடு வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

இன்சூரன்ஸ் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. பழைய கார்களுக்கான பாலிசியில் காரின் மதிப்பை முன்பே பேசி முடிவு செய்துவிடுவார்கள், எனக்கு வருடம் 340 டாலர். கராஜில் நிற்க வேண்டும், அலுவலகத்துக்குத் தினசரி வாகனமாக ஓட்டக் கூடாது என்ற நிபந்தனைகளைக் கவனமாகப் படியுங்கள். மிச்சிகனில் பழமை வாகன நம்பர் பிளேட் வாங்கினால் கட்டணம் குறைவு, ஆனால் அணிவகுப்பு, கண்காட்சி, கிளப் நிகழ்ச்சி போன்றவற்றுக்குத்தான் ஓட்டலாம். ஆகஸ்ட் மாதம் மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. நான் சாதாரண பிளேட்டே வைத்திருக்கிறேன், ஜூனில் நினைத்த நேரத்தில் எடுக்க முடியாத கார் எனக்கு வேண்டாம்.

பெட்ரோல் காலனுக்கு 12 மைல், நம் கணக்கில் லிட்டருக்கு 5 கிலோமீட்டர். காலை ஊன்றினால் அதுவும் இல்லை.

தினமும் ஓட்டலாமா என்றால், பனி உருகச் சாலையில் உப்பு கொட்டும் ஊரில் முடியாது, அந்த உப்பு துரு பிடிக்க வைக்கும். நவம்பரில் முதல் உப்பு லாரி வருவதற்கு முன்பே டேங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் இருக்க மருந்து ஊற்றி, பேட்டரிக்கு சார்ஜர் மாட்டி, எலி புகாமல் சைலன்சர் குழாயில் இரும்பு நாரை அடைத்துவிடுவேன். நடுவில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து பார்க்கும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, செய்யாதீர்கள். இன்ஜின் சூடாவதற்குள் அணைத்தால் உள்ளே ஈரம்தான் மிச்சம். ஏப்ரலில் இரண்டு நல்ல மழை பெய்து சாலையில் உப்பு கழுவிப் போன பிறகு நாரை எடுத்துவிட்டு வெளியே கொண்டு வருவேன். அதிலிருந்து அக்டோபர் வரை வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஓடுகிறது.

வாங்குவதற்கு முன் ஒரு தடவை ஆகஸ்டில் இங்கே வாருங்கள். உட்வர்ட் டிரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலம் 1995-லிருந்து ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை நடக்கிறது. சனிக்கிழமை கூட்டத்தில் எதையும் பேச முடியாது, அதனால் அந்த வாரம் செவ்வாய் அல்லது புதன் மாலை வாருங்கள். ராயல் ஓக் பக்கம் சாலையோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் உரிமையாளர்களிடம், வாங்கிய பிறகு முதல் வருடம் என்ன உடைந்தது என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொருவரும் அரை மணி நேரம் சொல்வார்கள், பானெட்டையும் திறந்து காட்டுவார்கள்.