மினி ஸ்க்ரூ நங்கூரம்: கேள்வி பதில்

கேள்வி (முதலாண்டு முதுகலை மாணவி): டாக்டர், தாடை எலும்பில் மினி ஸ்க்ரூ என்ற சிறு திருகைப் போட்டு, அந்த எலும்பையே நங்கூரமாக்கிப் பல்லை நகர்த்துவது எப்போது ஆரம்பித்தது?

பதில்: 1945-இல் கெய்ன்ஸ்ஃபோர்த், ஹிக்லி இருவரும் நாய்களின் தாடையில் வைட்டாலியம் என்ற உலோகக் கலவைத் திருகுகளைப் போட்டுப் பார்த்தார்கள், கழன்றுவிட்டன. 1983-இல் க்ரீக்மோரும் எக்லண்டும் மூக்கின் அடியில் துருத்தும் எலும்பு முனைக்குக் கீழே ஒரே திருகை வைத்து, மேல் முன்பற்களைச் சுமார் 6 மி.மீ. ஏற்றினார்கள். 1997-இல் கனோமி 1.2 மி.மீ. விட்டத் திருகைக் காட்டியபின் வேகம் பிடித்தது.

கேள்வி: சார், கீழ்த்தாடை எலும்பு கெட்டி. அப்படியும் அங்கேதான் அதிகம் கழல்கிறதே?

பதில்: அந்தக் கெட்டிதான் வில்லன். அழுத்தித் திருகினால் சூடும் நுண்விரிசலும் உண்டாகி, சுற்றியுள்ள எலும்பு கரைந்து, சில வாரங்களில் ஸ்க்ரூ ஆடும். 1.6 மி.மீ. ஸ்க்ரூவுக்கு மோட்டோயோஷி குழு 2006-இல் பரிந்துரைத்த முறுக்குவிசை 5 முதல் 10 நியூட்டன் சென்டிமீட்டர். கை இறுகினால் பலத்தைக் கூட்டாதீர்கள். அரைச்சுற்று பின்னே எடுத்து மறுபடி முன்னே போங்கள். வெளி அடுக்கான கார்டிகல் எலும்பு தடித்திருந்தால் சலைன் (உப்பு நீர்) ஊற்றியபடி சிறு துளை போட்டுக்கொள்ளலாம். இன்னொன்று, அங்கே எலும்போடு ஒட்டிய ஈறு குறுகல். அசையும் சளிச்சவ்வில் ஸ்க்ரூவின் தலை நின்றால் வீக்கம் வந்து மூடிவிடும்.

கேள்வி: வேரில் பட்டுவிட்டால் எப்படித் தெரியும்?

பதில்: தடை சட்டென்று கூடும், நோயாளி முகம் சுளிப்பார். அதனால்தான் நரம்பு பிளாக் (முழு நரம்பையும் மரக்கச் செய்யும் ஊசி) கொடுக்காமல் ஈறில் மட்டும் கொஞ்சம் மரப்பு மருந்து போடச் சொல்கிறோம். உடனே கழற்றித் திசை மாற்றுங்கள். மேலோட்டக் கீறல் பெரும்பாலும் வேரை மூடும் திசுவான சிமெண்டம் படிந்து ஆறும்.

கேள்வி: பல்லை இழுக்கும் பளுவை ஏற்றியபின் ஸ்க்ரூ அசையவே அசையாதுதானே?

பதில்: அசையும். கழலாமலே சாய்வதை லியூ குழு 2004-இல் காட்டியது. வேருக்கும் ஸ்க்ரூவுக்கும் 2 மி.மீ. இடைவெளி கேட்பது இதனால்தான்.

கேள்வி: ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறேன். எந்தப் பக்கம் போகலாம்?

பதில்: ஸ்க்ரூ மரையின் வடிவத்தைக் கணினி மாதிரியில் ஒப்பிடும் ஆய்வுகள் போதும் போதும் என்றாகிவிட்டன. கவனம் இப்போது வேர்களுக்கு இடையிலிருந்து விலகி அண்ணத்துக்கும், கன்ன எலும்பு முகட்டுக்கும், கீழ்க் கடைவாய்ப் பல்லின் வெளித்திட்டுக்கும் போய்விட்டது. வளர்ந்தவர்களுக்கு மினி ஸ்க்ரூ துணையோடு அண்ணத்தை விரிப்பது, சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே வைத்து அச்சிட்ட, ஸ்க்ரூ போட உதவும் வழிகாட்டி, அலைனரோடு (கழற்றி மாட்டும் பல் உறை) இணைப்பது எல்லாம் சூடான தலைப்புகள். 2012 தொகுப்பாய்வில் தோல்வி சுமார் 13.5 சதவீதம், ஆனால் 'வெற்றி' என்பதற்கு ஆளுக்கொரு வரையறை. லேசாக ஆடியும் வேலைக்கு உதவும் ஸ்க்ரூவை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள் என்பதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.