சொட்டுற இடம் வேற, கசியிற இடம் வேற

ஆயில் ஒழுகுது, ஆயில் நிறம் மாறிடுச்சு என்று வந்த கேள்விகளுக்கு ஒரு பழைய மெக்கானிக்கின் பதில்கள்.

அண்ணே, தினமும் காலையில வண்டிக்கடியில ஒரு கறை. சம்ப் (இன்ஜின் அடியில ஆயில் நிக்கிற தொட்டி) பேக்கிங் போச்சுன்னு சொல்றாங்க. மாத்திடவா?

பொறுங்க தம்பி. இன்னைக்கு ராத்திரி ஒரு அட்டைப்பெட்டியைப் பிரிச்சு கீழே விரிங்க. வெறும் தண்ணின்னா ஏசி, விட்டுடுங்க. பச்சையோ ரோஸோ, தொட்டா வழவழன்னு இருந்தா இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட். சிவப்புன்னா பெரும்பாலும் ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயில் இல்ல பவர் ஸ்டீயரிங் ஆயில். சக்கரத்துப் பக்கமா வெளிர் மஞ்சள்னா பிரேக் ஆயிலா இருக்கலாம். அந்த வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க. கருப்போ பழுப்போ இருந்தா மட்டும்தான் நம்ம கதை.

இன்ஜின் ஆயில் மேலேர்ந்து கீழே வழியும், ஓடும்போது காத்து அதைப் பின்னாடி தள்ளும். இன்ஜின் உச்சியை மூடியிருக்கிற டேப்பெட் கவர்ல கசியிறது பிளாக் மேல இறங்கி, சம்ப் ஓரத்துல வந்து சொட்டும். பழி சம்ப் பேக்கிங் மேல விழும். அதனால ஸ்பேனருக்கு முன்னாடி துணியை எடுங்க. இன்ஜின் ஆறினதும் சுத்தமாத் துடைச்சு, ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து, டார்ச் அடிச்சு மேலேர்ந்து பாருங்க. ஈரம் தெரியிற இடங்கள்ல எது உயரத்துல இருக்கோ அதுதான் ஆளு. பிடிபடலைன்னா சந்தேகப்படுற இடத்துல முகப்பவுடரைத் தூவுங்க, ஆயில் வர்ற வழி கோடு போட்டுக் காட்டும்.

சர்வீஸ் விட்டு எடுத்த மறுநாளே ஒழுகுது சார்.

அவங்க கைவெச்ச ரெண்டு இடம்தான்: டிரெயின் போல்ட் வாஷர், ஆயில் ஃபில்டர். பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் பிளாக்லயே ஒட்டிக்கிட்டிருக்க, அதுக்கு மேலயே புதுசை மாட்டிடுவாங்க. பிரஷர்ல அது பிதுங்கினா மொத்த ஆயிலும் ரோட்ல. உடனே காட்டுங்க. வழியில ஆயில் லைட் எரிஞ்சா வீடு வரைக்கும் போயிடலாம்னு நினைக்காம அங்கேயே நிறுத்துங்க.

டேப்பெட் கவர் பேக்கிங் மூணு தடவை மாத்தியாச்சு. திரும்பத் திரும்ப கசியுது.

அப்போ தப்பு பேக்கிங்ல இருக்காது. இன்ஜின் உள்ளே சேர்ற வாயு வெளியேற பிசிவி வால்வுன்னு ஒண்ணு இருக்கு. அது அடைச்சா உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அது வழியா ஆயிலைத் தள்ளும். வால்வு நல்லா இருந்தும், ஐடில்ல ஆயில் மூடியைத் திறந்தா புகை குபுகுபுன்னு அடிக்குதுன்னா பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கும். இன்னொண்ணு, சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசற வேலை வேண்டவே வேண்டாம். உள்பக்கம் பிதுங்கினது பிய்ஞ்சு விழுந்து ஆயில் பம்ப் சல்லடையை அடைக்கும். கசிவை நிறுத்தப் போய் இன்ஜினையே சாப்பிட்டதை நான் பார்த்திருக்கேன்.

ஆயில் மூடிக்கு உள்ளே மோர் மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கு. இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கெட் போச்சா?

தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க? கடைக்கும் ஸ்கூலுக்கும் ரெண்டு மூணு கிலோமீட்டர்னா, இன்ஜின் முழுசா சூடாகிறதுக்குள்ளேயே அணைச்சிடுறீங்க. உள்ளே படியிற ஈரம் ஆவியாகாம மூடியில வெண்ணெயா நிக்கும். மலையூர்க்காரங்களுக்கு இது பழகின காட்சி. ஆயில் அளவு பார்க்கிற குச்சி, அதான் டிப்ஸ்டிக், அதைத் துடைச்சு மறுபடி விட்டு எடுங்க. அதுல ஆயில் தெளிவா இருந்து, கூலன்ட்டும் குறையலைன்னா, பைபாஸ்ல ஒரு மணி நேரம் ஓட்டிட்டு வாங்க, போதும்.

டிப்ஸ்டிக்லயும் பால் கலந்த டீ நிறம், கூலன்ட்டும் குறையுதுன்னா ஸ்டார்ட் பண்ணாதீங்க, டோ பண்ணுங்க. தண்ணி கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாத்தாது. ஆனா ஹெட்டைக் கழட்டச் சொல்றதுக்கு முன்னாடி, கூலன்ட்டால ஆயிலை ஆற வைக்கிற ஆயில் கூலரைப் பார்க்கச் சொல்லுங்க. அது இருக்கிற வண்டிகள்ல உள்ளே ஓட்டை விழுந்தாலும் இதே நிறம்தான் வரும், செலவு ரொம்பக் குறைவு. ஹெட்டைக் கழட்டியே ஆகணும்னா, லேத்ல மட்டம் பார்க்காம புது கேஸ்கெட் போட விடாதீங்க.

பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டி. நான் ஊத்தாமலே ஆயில் லெவல் ஏறுது!

ஏறினது டீசல். சைலன்சர் பக்கம் இருக்கிற, புகைக்கரியைப் பிடிக்கிற டிபிஎஃப் வடிகட்டியில சேர்ந்த கரியை எரிக்க, பல வண்டிகள்ல இன்ஜின் கூடுதலா டீசல் அடிக்கும். டவுனுக்குள்ள ஓட்டி, அது முடியிறதுக்குள்ள அணைச்சு அணைச்சுப் போட்டா, மிச்ச டீசல் சிலிண்டர் சுவர் வழியா சம்புக்கு இறங்கும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும். மேல் கோட்டைத் தாண்டினா கிலோமீட்டர் கணக்கு பார்க்காம ஆயிலை மாத்துங்க.

டீசல் வண்டி, ஆயில் மாத்தின வாரமே கருப்பாயிடுச்சு. ஏமாத்திட்டாங்களா?

இல்ல. கரியைத் தன்னோட பிடிச்சு வெச்சுக்கிறதுதான் அந்த ஆயிலோட வேலை.

மழைத்தண்ணியில பாதி முழுகி நின்ன வண்டி. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

சாவியைத் தொடாதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா அது அமுங்காது, பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற கனெக்டிங் ராடுதான் வளையும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்கு அப்புறம் அப்படி வளைஞ்ச ராடுகளை நிறையப் பார்த்துட்டேன். பேட்டரி ஒயரைக் கழட்டி, டோ பண்ணி எடுத்துட்டுப் போங்க. ஆயிலும் ஃபில்டரும் மாத்தி கொஞ்சம் ஓட்டின பிறகு, இன்னொரு தடவையும் மாத்தணும். முதல் தடவையில எல்லாத் தண்ணியும் வெளியே வராது.

இன்ஜின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிற கிராங்க் பின்சீல் கசியுதாம். கியர்பாக்ஸ் இறக்கணும்னு பெரிய தொகை சொல்றாங்க.

சீல் விலை சொற்பம், கூலிதான் பெருசு. வெறும் ஈரம், அபூர்வமா ஒரு சொட்டுன்னா, வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக் பார்த்துக்கிட்டு ஓட்டுங்க. எப்படியும் கிளட்ச் மாத்த கியர்பாக்ஸ் இறங்கும், அன்னைக்கு சேர்த்துப் போட்டுக்கலாம். மேட்டுல ஏறும்போது கிளட்ச் வழுக்க ஆரம்பிச்சா மட்டும் காத்திருக்காதீங்க, ஆயில் பிளேட்டுக்குப் போயிருக்கும்.