நெல்லிலும் வைக்கோலிலும் ஒரே சர்க்கரைதான் என்கிறார்களே, பிறகு ஏன் வைக்கோல் நமக்குச் செரிப்பதில்லை?

அரிசியின் மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் என்ற சின்னச் சர்க்கரை ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. வைக்கோலில் உள்ள செல்லுலோஸும் அதே குளுக்கோஸ் சங்கிலிதான். கோத்த விதம்தான் வேறு.

மாவுச்சத்தில் எல்லாக் குளுக்கோஸும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். சங்கிலி சுருண்டு, தளர்ந்து கிடக்கும். செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பியிருக்கும். அதனால் சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு ஒட்டி இறுகிவிடும். ஐப்பசி மழையில் சம்பா பயிர் நிமிர்ந்து நிற்க அந்த இறுக்கம் வேண்டுமே!

அரிசி மூட்டையின் தையலைப் பிரித்தவர்களுக்குத் தெரியும்: சரியான முனையைப் பிடித்தால் நூல் சரசரவென உருவி வரும், தப்பான முனை என்றால் முடிச்சுதான். நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதிக்கு, அதாவது உணவை உடைக்கும் பொருளுக்கு, மாவுச்சத்தின் பிணைப்பை மட்டுமே பிரிக்கத் தெரியும்; செல்லுலோஸ் அதற்குத் தப்பான முனை. வெறும் பொன்னிச் சோற்றை ஒரு நிமிடம் மென்று பாருங்கள், லேசாக இனிக்கும். அது மால்டோஸ், இரண்டு குளுக்கோஸ் சேர்ந்தது. மீதி வேலை சிறுகுடலில் நடக்கும். ரத்தத்தில் சேரும் குளுக்கோஸில் உடனே செலவாகாதது கிளைகோஜன் என்ற சேமிப்புச் சங்கிலியாகக் கல்லீரலிலும் தசையிலும் தங்கும். அதற்கும் மிஞ்சினால் கொழுப்பு. தொப்பைக்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம்.

மாட்டுக்கு மட்டும் வைக்கோலைச் செரிக்கும் நொதி இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் செல்லுலோஸை உடைத்துப் புளிக்கவைத்துத் தருகின்றன.