புருவ ஓரக் கட்டி தானாகக் கரையுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: இரண்டு வயது மகளுக்குப் புருவத்தின் வெளி ஓரத்தில் பட்டாணி அளவுக் கட்டி, வலியில்லை, கொழுப்புக்கட்டி என்கிறார்கள், கரையுமா?

கரையாது. இந்த வயது, இந்த இடம் என்றால் பெரும்பாலும் டெர்மாய்டுதான். கருவில் முகம் உருவாகும்போது தோல் செல்கள் உள்ளே மாட்டிப் பையாகிவிடும். அதற்குள் எண்ணெய்ப் பசை, சில சமயம் முடிகூட இருக்கும். மேலே தோல் தனியாக நகரும், கட்டி எலும்போடு ஒட்டி நிற்கும். பெரியவர்கள் முதுகில் கரும்புள்ளியோடு வருகிற எபிடெர்மாய்டு கட்டி வேறு. அது தோலோடு சேர்ந்தே நகரும்.

சுண்ணாம்பு, பிதுக்கல் எதுவும் வேண்டாம் (பாட்டி என்ன சொன்னாலும் சரி). ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்கேன் பார்த்து, பையைக் கிழிக்காமல் முழுசாக எடுப்பார்கள்; துண்டு மிஞ்சினால் திரும்ப வரும். இதே கட்டி மூக்குத்தண்டில் இருந்தால் மட்டும் எம்ஆர்ஐ பார்க்காமல் கத்தி வைக்க விடாதீர்கள், மூளைவரை பாதை இருக்கலாம்.