போர் தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது, மூடிவிட வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம். கோடையில் கிணறு வற்றிப்போவதால் 650 அடிக்குப் போர் போட்டோம். விடியற்காலையில் மோட்டார் போட்டால் தண்ணீர் வெதுவெதுவென்று வருகிறது. அடியில் எரிமலைக் குழம்பு இருக்கும், மூடிவிடுங்கள் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். மூட வேண்டுமா? பூமி தோன்றி இத்தனை காலம் ஆகியும் உள்ளே சூடு ஏன் ஆறவில்லை?

பதில்: மூட வேண்டாம். 650 அடி என்பது ஏறத்தாழ 200 மீட்டர். நிலத்துக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சராசரியாக 25 டிகிரி கூடும். அந்தக் கணக்கில் உங்கள் போரின் அடியில் 5 டிகிரி கூடுதல். நம் பகுதியில் மேல்மண்ணுக்குக் கீழே ஆண்டு முழுக்க 28 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆக, 32, 33 டிகிரியில் தண்ணீர் வருவது இயல்பு. விடியற்காலையில் காற்று குளிர்ந்திருப்பதால் அது வெந்நீர் மாதிரி கைக்குத் தெரிகிறது. அதே தண்ணீரை மதியம் தொட்டுப் பாருங்கள், வித்தியாசமே தெரியாது.

எரிமலைக் குழம்பு பற்றி அண்ணனிடம் தைரியமாகச் சொல்லலாம். நம் காலடியில் குழம்புக் கடல் எதுவும் இல்லை. சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரைக்கும் பூமி கிட்டத்தட்ட முழுக்கத் திடப்பாறைதான். அதற்குக் கீழேதான் உருகிய இரும்பு. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 12 கிலோமீட்டருக்கு மேல் துளையிட்டார்கள். அடியில் 180 டிகிரி சூடு இருந்தது, குழம்பு இல்லை.

சரி, சூடு ஏன் ஆறவில்லை? பாதி பழைய சூடு. 454 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைகள் மோதிச் சேர்ந்து பூமி உருவானபோதும், இரும்பு மையத்துக்கு மூழ்கி இறங்கியபோதும் உண்டானது. பாறை வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். ஒரு கிலோமீட்டர் தடிமனைத் தாண்டவே சுமார் 30,000 ஆண்டு ஆகும்.

மறுபாதிக்கு நீங்கள் மணவாளக்குறிச்சிக்குப் போனால் போதும். அங்கே கடற்கரையில் கருமணலை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். கறுப்பாக மின்னுவது இல்மனைட், சிவப்புத் துகள் கார்னெட், இடையிடையே தேன் நிறத்தில் இருப்பது மோனசைட். இந்த மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. நம் மலைப்பாறைகள் மழையில் கரைந்து, ஆறுகள் இழுத்து வந்து, அலைகள் இலேசான மணலை அரித்துக் கொண்டுபோன பிறகு தங்கியவை இவை. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இந்த மோனசைட்டை அடையாளம் கண்டார். இன்று மத்திய அரசின் ஐஆர்இஎல் ஆலை அங்கே மணலைப் பிரிக்கிறது.

அதே தோரியம், யுரேனியம், பொட்டாசியம்-40 ஆகியவை பூமிப் பாறைகள் எங்கும் மிக மிகச் சிறு அளவில் கலந்திருக்கின்றன. இவற்றின் அணுக்கள் தாமாகச் சிதையும்போது வெப்பம் வெளிவருகிறது. இந்தச் சிதைவுதான் கதிரியக்கம். ஒரு கன கிலோமீட்டர் கிரானைட் தரும் வெப்பம் சுமார் 2,500 வாட், அதாவது ஒரு குளியலறை ஹீட்டர் அளவுதான். ஒரு மலைக்கு அவ்வளவு சொற்பம்! ஆனால் பூமியில் பாறை எவ்வளவு, காலம் எவ்வளவு என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். தோரியத்தின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 1,400 கோடி ஆண்டு. பூமி பிறந்தபோது இருந்ததில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. பொட்டாசியம்-40 மட்டும் பெருமளவு தீர்ந்துவிட்டது.

1862-இல் கெல்வின் என்ற பிரிட்டன் இயற்பியலாளர் பூமி ஆறும் வேகத்தைக் கணக்கிட்டு, அதன் வயது 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுக்குள் என்றார். கதிரியக்கம் அப்போது தெரியாததால் தவறினார் என்று பள்ளியில் படிப்போம். அதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று என்பதே என் கருத்து. திடப்பாறையே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் மெல்லப் புரண்டு, ஆழத்து வெப்பத்தை மேலே கொண்டுவருகிறது. இதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அவரிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி 1895-இலேயே அதைச் சுட்டிக்காட்டினார்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பது கதிரியக்கத்துக்கு அடையாளம் அல்ல. யுரேனியம் கலந்திருக்கிறதா என்பது ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும். குடிப்பதற்குப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

நான் கவலைப்படுவது உங்கள் மோட்டாரைப் பற்றித்தான். சப்மெர்சிபிள் மோட்டார் தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரால்தான் குளிர்கிறது. ஊற்று குறைந்தால் மோட்டார் சூடேறி, அந்தச் சூடும் தண்ணீரோடு வரும். அதனால் டேங்கில் அளக்காதீர்கள். வெயில் பட்ட பைப்பும் டேங்கும் ஏமாற்றும். போர் வாயில் குழாயைத் திறந்துவிட்டு, ஐந்து நிமிடம் ஓடியதும் ஒரு தெர்மாமீட்டரில் பாருங்கள். அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் 33-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதியாக இருங்கள். ஓட ஓடச் சூடு ஏறி, தண்ணீரும் மெலிந்தால் உடனே மோட்டாரை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள். பேனலில் ஆம்பியர் பார்த்து, போரில் நீர்மட்டம் அளந்து, தண்ணீர் இல்லாவிட்டால் தானே நிற்கும் கருவியையும் பொருத்தச் சொல்லுங்கள்.