முத்திரையைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்

பழைய ஐரோப்பிய வெள்ளிப் பாத்திரங்கள் பற்றிய கேள்வி-பதில். வந்த படங்களில் பல, பாத்திரத்தின் அழகைத்தான் காட்டுகின்றன. அழகை வைத்து ஊரும் ஆண்டும் சொல்ல முடியாது. அடியில் உள்ள முத்திரை அத்தனையையும் ஒரே படத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள்.

கே: பரிமாறும் கரண்டியின் காம்பில் நடக்கும் சிங்கம், நங்கூரம், 'டி' எழுத்து, ஒரு தலை. லண்டன் வெள்ளியா? எந்த ஆண்டு?

சிங்கம் ஊரைச் சொல்லாது. 925 மாற்று, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதோடு அதன் வேலை முடிந்தது. ஊரைச் சொல்வது நங்கூரம்: பர்மிங்காம், 1773-க்குப் பிறகு. தலை என்பது அன்று ஆண்ட அரசர் அல்லது அரசியின் தலை, வரி கட்டியதற்கான அடையாளம், 1784 முதல் 1890 வரை மட்டும் அடித்தார்கள். அது ஆணா பெண்ணா என்றாவது பார்த்திருக்கலாம். பெண் என்றால் விக்டோரியா, பாதிக் காலம் கழிந்துவிடும். 'டி' பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா? சுற்றியுள்ள கட்டம் என்ன வடிவம்? அதே எழுத்து சுமார் 25 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். கட்டத்தின் வடிவம் தெரியாமல் ஆண்டு கேட்பது வீதிப் பெயர் இல்லாமல் கதவு எண்ணை மட்டும் சொல்வது போல.

கே: குழம்பு ஊற்றும் கிண்ணத்தில் வரிசையாக நான்கு கேடய முத்திரைகள், உள்ளே ஈ, பி, என், எஸ். எவ்வளவு பெறும்?

வெள்ளி விலை பெறாது. அந்த நான்கு எழுத்துக்கும் (EPNS) பொருள், ஜெர்மன் சில்வர் என்ற, வெள்ளியே இல்லாத நிக்கல் கலவைமேல் மின்முலாம் என்பதுதான். ஹால்மார்க் போலத் தெரிய வேண்டும் என்றே எழுத்துகளைத் தனித்தனிக் கேடயத்தில் அடித்தார்கள். காந்தம் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பித்தளையிலும் ஒட்டாது.

கே: முள்கரண்டியில் '84'. ரஷ்ய வெள்ளி என்கிறார் விற்பவர்.

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ரஷ்யாவில் 84 என்பது ஸொலோத்னிக் என்ற பழைய எடை அளவின் கணக்கு. 96 என்றால் சுத்த வெள்ளி, ஆகவே 84 என்பது 875 மாற்று. 1899-க்குப் பிறகு அடித்ததென்றால், தலையணி அணிந்த பெண் முகம் கூடவே இருக்கும். 1908 வரை அந்த முகம் இடப்பக்கம் பார்க்கும், பிறகு வலப்பக்கம். பிரெஞ்சு முலாம் கரண்டிகளிலும் 84 உண்டு. அங்கே அது ஒரு டஜன் கரண்டி, ஒரு டஜன் முள்கரண்டிமேல் ஏற்றிய வெள்ளியின் கிராம் கணக்கு. செய்தவர் முத்திரை சாய்சதுரத்தில் இருந்தால் பிரெஞ்சு வெள்ளி, நேர்ச்சதுரத்தில் இருந்தால் முலாம். ஜெர்மன் கரண்டிகளில் வரும் 90-உம் இதே கிராம் கணக்குதான். 900 மாற்று என்று நம்பி வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கே: பூக்கூடைத் தட்டில் பைன்கூம்பு முத்திரை. ஆக்ஸ்பர்க், 1750 என்றார்கள். பக்கத்தில் பிறை, கிரீடம், 800.

பிறையும் கிரீடமும் ஜெர்மனியில் 1888-இல்தான் வந்தன. ஜெர்மனியின் ஹானாவ் ஊர்ப் பட்டறைகள், ஆக்ஸ்பர்க்கின் பைன்கூம்பு போன்ற பழைய ஊர் முத்திரைகளைப் போலச் செய்து அடித்தது ஊரறிந்த சங்கதி.

கே: ஜெர்மன் அகப்பையில் வெறும் '13'.

பழைய ஜெர்மன் லோட் கணக்கு, 16 லோட் என்றால் சுத்த வெள்ளி. 62.5-ஆல் பெருக்குங்கள், சுமார் 812 மாற்று.

கே: பல்பொடி போட்டுத் தேய்த்துக் கடையில் பஃப்பும் அடித்தோம். பளபளப்பு வந்தது, முத்திரை மங்கிவிட்டது. திரும்ப அடித்துத் தருவார்களா?

மாட்டார்கள். அடித்துத் தருகிறேன் என்பவரிடம் போகவும் வேண்டாம். பிரிட்டனில் கள்ள ஹால்மார்க் அடிப்பது குற்றம்.

எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வராமல் இருப்பதில்லை. வெள்ளி மென்மையான உலோகம், முத்திரையின் ஆழமோ மயிரிழை. பல்பொடி, பற்பசை, சாம்பல், சபீனா எல்லாமே அராவும் பொருள்கள். பஃப் சக்கரம் அதைவிடக் கொடியது. மேடான விளிம்பை முதலில் தின்னும், பிறகு செதுக்குவேலையை, கடைசியில் முத்திரையை. முலாம் சாமானென்றால் அடியிலுள்ள உலோகம் எட்டிப் பார்க்கும்.

வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பருத்தித் துணி. இவை போதும். கருப்பு அதிகமென்றால் ஒரு லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போட்டு, அடியில் அலுமினியத் தாள் விரித்து, பாத்திரம் தாளைத் தொடும்படி சில நிமிடம் வையுங்கள். கருப்பு என்பது வெள்ளியோடு கந்தகம் சேர்ந்தது. கந்தகத்தை அலுமினியம் வாங்கிக்கொள்ளும், வெள்ளி அங்கேயே தங்கும். ஆனால் கத்திகளையும் மெழுகுவர்த்தித் தண்டுகளையும் இதில் போடாதீர்கள். அவற்றின் உள்ளே அடைத்த குங்கிலியம் வெந்நீரில் இளகி, பிடி கழன்றுவிடும். வேலைப்பாட்டின் பள்ளத்தில் வேண்டுமென்றே விட்ட கருமையும் போய்விடும்.

மங்கிய முத்திரையைப் படிக்க, இருட்டறையில் டார்ச்சைப் படுக்கைவாட்டில் பிடித்து, 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். லேசாக வாயால் ஊதி ஆவி படியவைத்தால் கோடுகள் சற்றுத் தெளியும். அப்படி ஊதும்போது முத்திரையைச் சுற்றிச் சதுரமாகப் பற்றவைத்த கோடு தெரிந்தால், வேறு சாமானிலிருந்து வெட்டி ஒட்டியது.

கே: லண்டன் 1795 கரண்டி. குழியில் பழங்கள் புடைத்து, தங்கப் பூச்சு.

கரண்டி மூன்றாம் ஜார்ஜ் மன்னர் காலத்தது, வெறுமையாகத்தான் பிறந்தது. பழமும் பூச்சும் விக்டோரியா காலத்தில் ஏற்றியவை. சாப்பாட்டு மேசைக்கு அழகு. சேகரிப்பவர் விலை எதிர்பார்க்காதீர்கள்.

கே: சென்னை பி. ஓர் அண்ட் சன்ஸ் பெயர் பொறித்த தட்டம். சிங்கம் இல்லையே, போலியா?

சிங்கம் இல்லாததால் போலி ஆகிவிடாது. ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில் பிரிட்டன் போல மாற்றுச் சோதனை முத்திரை கிடையாது. கடைப் பெயர்தான் முத்திரை. மாற்று தெரிய வேண்டுமென்றால் அடிப்பாகத்தில் உரைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தப் பெயரிலிருந்து ஓரங்குலமாவது தள்ளி.