எழுந்து ஓடும் இடம்

வணக்கம் சார்,

ஒரு காலத்தில் பெரிய நாவல்களை இரண்டு மூன்று நாளில் முடித்தவன் நான். இப்போது நான்கு பக்கம் தாண்டுவதற்குள் போனை எடுத்துவிடுகிறேன். மனிதனின் கவனம் எட்டு நொடிதான், தங்கமீனைவிடக் குறைவு என்று படித்தேன். என் மூளை கெட்டுவிட்டதா? பட்டன் போனுக்கு மாறிவிடலாமா? மின்நூல் காகிதத்துக்கு ஈடாகுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.

முதலில் தங்கமீனை விட்டுவிடுவோம். அந்த எட்டு நொடி, 2015-ல் மைக்ரோசாஃப்ட் கனடா வெளியிட்ட ஓர் அறிக்கை வழியாக உலகம் சுற்றியது. தேடிப் போனவர்களுக்கு அதன் பின்னால் உருப்படியான ஆய்வு எதுவும் கிடைக்கவில்லை. இத்தனை நாவல் படித்தவர் இதை மட்டும் அப்படியே விழுங்கலாமா? மின்நூலா காகிதமா என்பது உங்கள் கண்ணின் வசதி.

போன் அழைத்ததாக நீங்கள் எங்கும் எழுதவில்லை. மணி அடிக்கவில்லை, திரை ஒளிரவில்லை, நீங்களாகத்தான் எடுத்திருக்கிறீர்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க், அலுவலகங்களில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து இதை அளந்தவர். 2004 வாக்கில் ஊழியர்கள் வேறொன்றுக்குத் தாவாமல் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றார்கள், பிற்காலத்தில் சுமார் 47 நொடி. இந்த எண்ணைத்தான் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அவர் கண்ட இன்னொன்றுதான் எனக்கு முக்கியம்: வேலை தடைபட்டதில் ஏறத்தாழ பாதி, யாரும் கூப்பிடாமல் அவரவரே விட்டு எழுந்தது.

எந்த இடத்தில் எழுகிறோம்? கொஞ்ச காலமாக என்னையே வேவு பார்க்கிறேன். எழுத்து சரளமாக ஓடும்போது போன் நினைவுக்கே வராது. ஒரு பாத்திரம் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்கே தெரியாத இடத்தில் பேனா நிற்கும். அடுத்த கணம் எனக்கு வானிலை தெரிந்தாக வேண்டும். வானிலை! ஜன்னல் பக்கத்திலேயே இருக்கிறது.

வாசிப்பிலும் அதே கதைதான். மூன்று தலைமுறைப் பெயர்கள் குழம்பும் பக்கம், அரைப்பக்கம் நீளும் ஒரு வாக்கியம். புத்தகம் நம்மிடம் ஏதாவது கேட்கத் தொடங்கும்போது எழுந்துவிடுகிறோம். முன்பும் எழுந்தோம். ஆனால் தண்ணீர் குடிக்கப் போனால் குழப்பமும் கூடவே வரும், மனம் அதை உருட்டிக்கொண்டே இருக்கும். திரும்பி உட்காரும்போது பாதி அவிழ்ந்திருக்கும். இப்போது நாம் ஓடிப்போகும் போன் திரைக்கு அடிப்பக்கம் கிடையாது, தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும், நிற்கும் இடத்தையே எடுத்துவிட்டார்கள். விட்டுவந்த வேலையின் எச்சம் மனதில் ஒட்டிக்கொண்டு அடுத்ததைக் கெடுக்கும் என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் எழுதினார். நீங்கள் நாவலுக்குத் திரும்பும்போது, போனில் பார்த்த முகம் தெரியாத இருவரின் சண்டையும் கூடவே வந்து உட்கார்கிறது. அவிழ வேண்டிய முடிச்சு மறந்தே போகிறது. பட்டன் போன் வாங்கினால் வாங்குங்கள். அப்போதும் ஓடுவீர்கள், சீக்கிரம் திரும்புவீர்கள், அவ்வளவுதான்.

மூளை கெட்டதென்று புலம்பாதீர்கள். இவ்வளவு நீளக் கடிதத்தை ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி எழுதும்போது கவனம் எங்கும் ஓடவில்லை, பாருங்கள்! கோபித்துக்கொள்ள வேண்டாம். படிக்க முடியவில்லையே என்ற வெட்கம் அதில் வரிக்கு வரி தெரிந்தது, வாசிப்பை நேசிக்காத ஆளுக்கு அது வராது.

ஒன்று செய்யுங்கள். எந்த வரியில் எழுகிறீர்களோ அங்கே ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, அப்புறம் போனை எடுங்கள். புத்தகம் பாதி ஆனதும் கோடு விழுந்த வரிகளை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.